ஐந்து கட்டையில் ஒரு நகரியம்

கன்வேயர் பராமரிப்பில் காதுதான் முதல் கருவி. ஸ்பேனரும் கிரீஸ் கன்னும் அதற்குப் பிறகுதான். சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட்டில் பெல்ட் ஓரமாக நடப்பவனுக்கு டார்ச் காட்டுவது சில அடி தூரம். காது அதைவிட வெகு தூரம் போகும். எஃகு வடம் பதித்த ரப்பர் பெல்ட், மண்ணையோ கரியையோ சுமந்துகொண்டு ஓடும். அதை ஏந்திச் சுழலும் ரோலர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். எல்லாம் நன்றாக இருந்தால் ஒரே சீரான இரைச்சல். ஒரு ரோலரின் பேரிங்கில் கிரீஸ் வற்றினால் முதலில் மெல்லிய விசில். மணற்கல் பொடி சீலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கரகரப்பு. பிறகு ஒருநாள் அந்த இடத்தில் சத்தமே இருக்காது. அதுதான் ஆபத்தான கட்டம். சுழலாமல் இறுகிப்போன ரோலர் மேல் பெல்ட் உரசிக்கொண்டே ஓடும். ரோலரின் ஓடு தேய்ந்து விளிம்பு கூராகும், சூடேறும். பக்கத்தில் கரித்தூள் கிடந்தால் புகையும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சார்ஜ்மேன் சொல்வார்: "கத்துற ரோலர் தன் குறையைத் தானே சொல்லிடும் தம்பி. கத்தாம இருக்கு பாரு, அதைத் தேடிப் பிடி." வரிசையாக வரும் ஓசையில் எங்கே ஒரு ஓட்டை விழுகிறது என்று கேட்க அவரிடம்தான் பழகினேன். கியர்பாக்ஸ் பக்கம் போனால் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹவுசிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொள்வார். உள்ளே பல் சக்கரம் கடிப்பது மண்டைக்குள் கேட்கும். அவருக்குப் பாட்டில் ஈடுபாடு கிடையாது. ஆனால் நான் பார்த்தவர்களிலேயே மிக நுட்பமான காது அவருடையது.

நெய்வேலியில், எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறையில், 1999 முதல் 2002 வரை நான் பதிவு செய்த இசைத்தொகுப்பு அந்தக் காதிலிருந்து வந்ததுதான். மேல்நாட்டில் இந்த வகைக்கு இண்டஸ்ட்ரியல் இசை என்று பெயர். கேசட் லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் "இரவு ஷிப்ட்" என்று எழுதினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அந்த நாடாக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையில் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எதை எப்படிச் செய்தேன் என்று எழுதிவைக்கத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் ஒரு விஷயம். தொகுப்பில் உள்ள ஓர் ஒலிகூட சுரங்கத்துக்குள்ளோ அனல்மின் நிலையத்துக்குள்ளோ எடுத்ததல்ல. உள்ளே கேமராவும் ரெக்கார்டரும் கொண்டுபோக அனுமதியில்லை, அது சரியான விதியும்கூட. எனக்குக் கிடைத்தது விதிக்கு வெளியே இருந்த ஊர். அந்த ஊரே போதுமானதாக இருந்தது. நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இங்கே ஓசை வேலிக்குள் நிற்பதில்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் மிகக் கடினமானது. ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களையே தேய்த்துவிடும். அதனால் முதலில் வெடிவைத்துத் தளர்த்துகிறார்கள். அந்த வெடி காற்றில் வருவதற்கு முன்பே தரை வழியாக வந்து ஜன்னல் கம்பியைத் தொட்டுவிடும். கரிக்கு அடியில் இருப்பது இன்னொரு சங்கதி. சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கும் நிலத்தடி நீர். அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். ஆகவே பம்புகள் பகலிரவு நிற்பதில்லை. 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கம் இது. 1962-ல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அப்போதிருந்து இந்த ஊருக்கு முழு நிசப்தம் என்ற ஒன்று கிடையாது.

ரெக்கார்டர் என்னிடம் இருந்தது, நல்ல மைக் இல்லை. சாதாரண மைக் காற்றைக் கேட்கும். எனக்கு வேண்டியது இரும்புக்குள் ஓடுவது, அந்த ஸ்க்ரூடிரைவர் கேட்பது. அதற்கு பீசோ தகடு போதும். பஸ்ஸர், பொம்மை, வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இருக்கும் பித்தளை வில்லை. சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதில் ஷீல்டு வயரைப் பற்றவைத்து, இரண்டு பக்கமும் அரால்டைட் பூசி, ஒரு காந்தத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டால் எந்த இரும்பிலும் கவ்விக்கொள்ளும். ஆனால் அதை நேரடியாக ரெக்கார்டரில் செருகினால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும், அடித்தள ஓசையெல்லாம் போய்விடும். பீசோவுக்குப் பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை உள்ள நுழைவாயில் வேண்டும். ரெக்கார்டரின் மைக் துளையோ சில ஆயிரம் ஓம்தான். இடையில் ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் வைத்தால் தீர்ந்தது. பாலிடெக்னிக் லேபில் எல்லோரும் கையில் தொட்ட பி.எஃப்.டபிள்யூ. 10, ஒரு 9 வோல்ட் பேட்டரி, மூன்று ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. "எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ" பழைய இதழ்களைப் புரட்டிய எவரும் செய்யக்கூடிய சர்க்யூட்தான்.

அந்த டப்பாவோடு வீட்டைச் சுற்றிவந்தது எனக்கு ஒரு புதுப் படிப்பு. வாசல் இரும்பு கேட்டில் ஒட்டினால் தூரத்து லாரி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒட்டினால் பம்ப் ஹவுஸ். சீலிங் ஃபேன் தொங்கும் கொக்கியில் ஒட்டியபோது கேட்டது ஃபேன் அல்ல, முழு கூரையும். மதிய வெடி நேரத்தில் ஜன்னல் கம்பியில் ஒட்டிவைத்துக் காத்திருப்பேன். காதுக்கு ஒரே 'தும்' என்று கேட்கும் வெடி, கம்பிக்குள் நீண்ட வாக்கியமாக வரும். ஒரு முனகல், ஒரு குலுக்கல், பிறகு பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒன்றையொன்று எழுப்பிக்கொள்ளும் சத்தம்.

ரோலர் ஓசைக்கு வேறு வழி செய்தேன். மந்தாரக்குப்பம் பக்கம், ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு விற்கும் கடையில் தேய்ந்த ரோலர்கள் கிடக்கும். சிலதை எடை போட்டு வாங்கிவந்து, பின்னறையில் மரச்சட்டத்தில் பொருத்தி, பழைய வாஷிங் மெஷின் மோட்டாரால் சுழற்றினேன். கிரீஸ் வற்றியது ஒன்று, மணல் ஏறியது ஒன்று, இறுகும் தறுவாயில் இருந்தது ஒன்று. வேகத்தை மாற்றினால் விசிலின் சுரம் ஏறி இறங்கும். சுற்றிலும் சமுக்காளமும் பழைய மெத்தையும் தொங்கவிட்டு, ஓசை பக்கத்து வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம். அங்கே ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருந்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் பொருள் சேர்த்தது. அது இசையானது என் மனைவியால்.

அவள் சாயங்காலங்களில் முன்னறையில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருவாள். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமக்கும் நெய்வேலி சந்தானகோபாலன் போன்ற வித்வானைத் தந்த ஊர் இது. சுரங்கக் குவார்ட்டர்ஸுகளில் சுருதிப்பெட்டி சத்தம் புதிதல்ல. அவளுக்கு சுருதி ஐந்து கட்டை. ஒருநாள் நான் டிரான்ஸ்ஃபார்மர் யார்டின் வேலியில் டப்பாவை ஒட்டி எடுத்த நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரே முனகல், வேறொன்றும் இல்லை. காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"என்னங்க, இது என் சுருதியில நிக்குதே."

"டிரான்ஸ்ஃபார்மர்மா."

"எதுவா இருந்தா என்ன, சட்ஜம் இருக்கு, பஞ்சமம் இருக்கு. நல்லா கேளுங்க, காந்தாரம்கூட எட்டிப் பாக்குது."

சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மயிரிழை விலகலோடு இரண்டும் சேர்ந்து நின்றன.

இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குதான். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஒவ்வோர் அலையிலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு இரண்டு முறை விரிந்து சுருங்குவதால் அதன் முனகல் 100 ஹெர்ட்ஸ். டியூப்லைட் சோக்கும் அப்படித்தான். ஐந்து கட்டை சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே 98. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம்தான். முனகலின் மேலொலிகளும் அதே ஒழுங்கில் எழும்: 200 மறுபடி சட்ஜம், 300 பஞ்சமம், 400 சட்ஜம், 500 அந்தர காந்தாரம். நல்ல தம்பூராவில் மீட்டாமலே காந்தாரம் கேட்கும் என்று வித்வான்கள் சொல்வது இதே ஐந்தாவது மேலொலியைத்தான்.

அவள் கண்டுபிடித்த இன்னொன்று எனக்கே தெரியாதது. "சாயங்காலம் கிளாஸ்ல டியூப்லைட் என்னோட ஒத்துப்போகும். நடுராத்திரி எழுந்தா கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றாள். யோசித்தபோது புரிந்தது. அந்த நாட்களில் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு அலையொத்து இணையாமல் தனியே நின்றது. மின்பற்றாக்குறை தீராத காலம். சாயங்காலம் வீடெல்லாம் விளக்கேற்றும்போது சுமை கூடி, டர்பைன்கள் சற்றே தளர்ந்து, 50 என்பது 49-க்கும் கீழே இறங்கும். சரியாக 49-ல் நின்றால் முனகல் 98, துல்லியமான ஐந்து கட்டை. நள்ளிரவில் சுமை குறைந்ததும், அல்லது மழை பெய்து வயல் மோட்டார்கள் ஓய்ந்ததும், அதிர்வெண் மேலே ஏறிவிடும். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே கால் கட்டை வித்தியாசம். தென்னிந்தியா முழுவதும் ஒரே கணத்தில் அதே சுருதியில்தான் நின்றது. திருச்சூரிலும் கர்நூலிலும் சோக் அதே அளவு இறங்கி ஏறியது. ஆனால் அந்த சுருதியை உண்டாக்குகிறவர்கள் வரிசையில் எங்கள் ஊரும் இருந்தது. அப்பா வேலை பார்த்த முதல் அனல்மின் நிலையத்தின் டர்பைன் நொடிக்கு 50 சுற்று சுற்றிய கணக்கில்தான் என் வீட்டு முன்னறையில் பிள்ளைகள் சரளி வரிசை பாடினார்கள்.

அதன் பிறகு தொகுப்புக்கு எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. அடியில் எப்போதும் அந்த முனகல். மேலே வருவது எதுவானாலும் அதற்கு நெருங்குவதும் விலகுவதுமாக இருக்கும். ரோலரின் விசிலை மோட்டார் வேகத்தால் மெல்ல ஏற்றிப் பஞ்சமத்தில் கொண்டுவந்து நிறுத்துவேன். கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் உடம்பு அமைதியாகும். அங்கிருந்து அதை அரைச்சுரம் நழுவவிட்டால் பல் கூசும்.

கேசட்டில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டாரின் வேகம் ரெக்கார்டருக்கு ரெக்கார்டர் மாறும், பேட்டரி இறங்கினால் இன்னும் மாறும். கால் கட்டையைப் பற்றிக் கவலைப்படுகிறவனுக்கு அது பெரிய பிழை. அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பள்ளிக்கூட லேபில் இருக்குமே, 512 என்று முத்திரை குத்திய இசைக்கவை, அதைத் தட்டிப் பதிந்துவிடுவேன். அந்தக் கடைச்சரக்கு ஒன்று எனக்கு எல்லாக் கருவிகளையும்விட மேலான நண்பன். பிறகு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரும் சவுண்ட் பிளாஸ்டர் கார்டும் கூல் எடிட்டும் வந்தன. இசைக்கவை ஓசையை 512-க்குத் திருத்தினால் மற்றதெல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடும்.

பெரியம்மா மகன் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தபோது கொடுத்த கேசட்டுகளில்தான் இப்படி ஒரு இசை உலகமே இருப்பது தெரிந்தது. மேற்கு பெர்லினின் ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பாட்டன் குழு, 1981-ல் "கொலாப்ஸ்" என்ற தொகுப்பில் தகரத்தையும் டிரில்லையும் வாத்தியமாக்கியது. அதற்கு முன்பே 1976-ல் லண்டனில் த்ராபிங் கிரிசில் குழு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று தங்கள் நிறுவனத்துக்குப் பெயர் வைத்தது. அந்த வகைக்கே பெயர் அதிலிருந்து வந்தது. அவர்களில் கிறிஸ் கார்ட்டர் என்பவர் கருவிகளைத் தானே பற்றவைத்துச் செய்தவர் என்று படித்தபோது, சோப்பு டப்பாவோடு எனக்கு ஓர் உறவினர் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் கேட்கக் கேட்க ஒரு விலகலும் தெரிந்தது. அவர்களில் பலருக்குத் தொழிற்சாலை என்பது இடிபாடு, அல்லது மனிதனை நசுக்கும் இடம். ஓசை ஒரு தாக்குதல். அதற்கு அவர்கள் ஊர்களில் நியாயம் இருந்திருக்கும். பல வருஷம் ஓடி மூடிய ஆலைகளின் நிழலில் வளர்ந்தவர்கள். எனக்கு அந்தக் கோபத்தை இரவல் வாங்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இரைச்சல் என்றால் யூனிட் ஓடுகிறது, அப்பா பத்திரமாக இருக்கிறார் என்று பொருள். திடீரென்று ஓசை நின்றால்தான் தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். என் மனதுக்கு நெருங்கியது டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற லண்டன் குழு. பிரிட்டனில் 1984-85-ல் நடந்த நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடற்குழுவோடு சேர்ந்து அவர்கள் 1985-ல் "ஷோல்டர் டு ஷோல்டர்" வெளியிட்டார்கள். ஒரு பக்கம் உலோகத் தாளம், மறுபக்கம் குழுவாகப் பாடும் சுரங்கத் தொழிலாளிகள். இரும்பு ஓசைக்குள் மனிதக் குரலுக்கு இடம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்கு உறுதியாக்கியது அதுதான்.

எங்கள் தொகுப்பில் குரல் மூன்று இடங்களில் வருகிறது. பங்குனி உத்திரத்தன்று வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போகும் காவடிக் கூட்டத்தின் பம்பையும் அரோகரா கோஷமும் ஒன்று. மனைவியின் ஆலாபனை ஒன்று. முனகலைத் தவிர வேறு சுருதி இல்லாமல் பாடினாள். மூன்றாவது, பஜாரில் முந்திரி விற்ற ஓர் ஆயாவின் குரல். தொகுப்பில் எனக்கு மிக முக்கியமானது அதுதான்.

அந்த ஆயாவின் ஊர் இப்போது இல்லை. சுரங்கத்துக்குப் போன ஊர்களில் அதுவும் ஒன்று. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததுதான் நெய்வேலியின் கதை என்று எல்லோரும் சொல்வோம். அதற்குப் பிறகு எத்தனையோ கிணறுகள் போய்விட்ட கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. நான் என்ன செய்கிறேன் என்று ஆயா கேட்டார். ரோலர் விசில் ஒன்றை வாக்மேனில் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் காதில் சரியாக வைக்காமல் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"இது எங்க கெணத்துக் கப்பிடா தம்பி" என்றார். "எண்ணெய் போடாட்டி இப்படித்தான் கத்தும். நாலு தெரு தள்ளிக் கேக்கும். யாரு வீட்டுப் பொண்ணு தண்ணி எடுக்குதுன்னு கப்பி சத்தத்தில சொல்லிடுவோம்."

பிறகு வாயாலேயே அந்தக் கப்பி சுழல்வதைச் செய்துகாட்டினார். கயிறு இறங்கும்போது ஒன்று, குடம் நிறைந்து ஏறும்போது வேறொன்று. பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். பெயர் மட்டும் போடாதே என்றார். போடவில்லை, இங்கேயும் போடவில்லை. அந்தக் குரலையும் மணல் ஏறிய ரோலரையும் ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். வேறெதுவும் சேர்க்கவில்லை. எந்தச் சுருதியும் அடியில் இல்லாத ஒரே பதிவு அதுதான். அவருடைய கிணறு இருந்த காலத்தில் அந்த ஊரில் மின்சாரம் இல்லை.

கடைசியாகச் சேர்ந்தது நீராவி. முதல் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கம் எழும்பிய நாட்கள். புதிய அலகில் டர்பைனுக்கு நீராவியை விடுவதற்கு முன், குழாய்களுக்குள் கிடக்கும் வெல்டிங் துகளையும் துருவையும் அகற்ற, நீராவியை முழு வேகத்தில் வெளியே ஊதித் தள்ளுவார்கள். அதன் பாதையில் பளபளப்பான ஓர் உலோகத் தகட்டை வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். துகள் பட்ட குழிகள் தகட்டில் குறைந்து குறைந்து வரும்வரை ஊதல் தொடரும். நகரியத்தின் வட்டங்கள் (பிளாக்குகள்) பல தாண்டியும் அந்த ஊளை வந்தது. குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து பதிவு செய்தேன். தொகுப்பின் முடிவில் அது வருகிறது.

கேட்டவர்கள் யார்? கேசட்டில் நகல் எடுத்தும், பிறகு சி.டி. எரித்தும், கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். பாட்டு வாத்தியார்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கூட வேலை செய்தவர்கள் கேட்ட விதம் வேறு. ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்த பழைய சார்ஜ்மேனுக்கு ரோலர் பகுதியைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது ரோலர் வந்த இடத்தில் கையை உயர்த்தி, "இதை மாத்திடு, ஒரு வாரம் தாங்காது" என்றார். அது இறுகும் தறுவாயில் இருந்த அதே ரோலர். பிறகு ஆலாபனைப் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் முனகலைக் கேட்டு, "லோடு ஏறியிருக்கு" என்றார். இசைத்தொகுப்புக்கு அதைவிட நல்ல விமரிசனம் எனக்குக் கிடைத்ததில்லை, கிடைக்கவும் வேண்டாம்.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் ட்யூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவியதும், கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே மின்னணு இசை செய்ததும் எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. அலமாரியில் கிடந்த அந்த நாடாக்களை பால் பர்காஸ் என்ற கலைஞர் தேடியெடுத்த பிறகு, 2023-ல் அவை வெளியாயின. கேட்டபோது மனம் நிறைந்தது. இந்த நாட்டில் இயந்திர ஓசையோடு உட்கார்ந்திருந்தவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். நாடாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் ஒருநாள் அது பேசும் என்பதற்கும் அதுவே சாட்சி. என் நாடாக்களை அலமாரியிலிருந்து இறக்கியது அதற்குப் பிறகுதான்.

இறக்கிக் கேட்டபோது, நான் பதிவு செய்த உலகம் இல்லாமல் போயிருந்தது. 2003 ஜனவரியில் தென்மண்டலத்தில் மின்சார விலையை அதிர்வெண்ணோடு இணைக்கும் புதிய கட்டண முறை வந்தது. அதிர்வெண் குறைந்திருக்கும்போது ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தால் கூடுதல் விலை. அதோடு அந்த சாயங்கால இறக்கம் அடங்கத் தொடங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் உயர் அழுத்தத் தடம் வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மற்ற பகுதிகளோடு அலையொத்து இணைந்தது. இப்போது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே நிற்க வேண்டும் என்பது விதி. நாட்டுக்கு நல்லது. மனைவியின் டியூப்லைட்டோ சாயங்காலத்திலும் அவளுக்கு இணங்குவதில்லை. சோக் வைத்த டியூப்லைட்டே இப்போது வீட்டில் இல்லை.

2020-ல் இரண்டு சம்பவங்கள். ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்தில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வெகுநாட்கள் அந்த நீராவிப் பதிவை என்னால் ஓட்ட முடியவில்லை. இன்றும் யாருக்காவது போட்டுக் காட்டினால் முதலில் அந்த நாளைச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன். அதே வருஷம் செப்டம்பர் இறுதியோடு 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் முழுவதுமாக நின்றது. அப்பாவின் தலைமுறை ஆளாக்கிய டர்பைன்கள். அவற்றின் முனகல் என் நாடாவில் இருக்கிறது.

வெறும் நினைவுப் பொருளாக மட்டும் அல்ல. ருமேனியாவின் கேட்டலின் கிரிகோராஸ் என்ற தடயவியல் ஆய்வாளர், ஒலிப்பதிவுகளில் தங்கிவிடும் மின்முனகலின் நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அந்தப் பதிவு எப்போது எடுத்தது என்று சொல்லும் முறையை வளர்த்தவர். மின்தொகுப்பின் அதிர்வெண் ஒவ்வொரு கணமும் மாறுவதால், எந்த இரண்டு இரவுகளின் கோடும் ஒன்றுபோல் இருக்காது. என் நாடாக்களில் இசைக்கவை இருப்பதால் சராசரி வேகத்தைத் திருத்திவிடலாம். நாடாவின் நடுக்கம் மட்டும் எஞ்சும். திருத்திய பிறகு திரையில் ஒரு கோடு எழுகிறது. ஆறு மணிக்கு மேல் சரிந்து, ஒன்பது மணி வாக்கில் தரை தட்டி, நள்ளிரவில் எழும்பும் கோடு. தென்னிந்தியா விளக்கேற்றி, சாப்பிட்டு, படுக்கப் போன ஓர் இரவு அது. ஒலிப்பதிவு மென்பொருள் எதைத் திறந்தாலும் முனகலை அகற்றும் பொத்தான் முன்னாலேயே நிற்கிறது. சுத்தம் செய்துதரச் சொன்ன இடத்தில் முதலில் அதைத்தான் அழுத்தப் பார்த்தார்கள். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. நாடாவின் சீறலைக் கொஞ்சம் குறைக்கலாம், ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு நாடாவுக்கும் தனித்தனியாகத் திருத்த வேண்டும், முனகலைத் தொடக் கூடாது. இப்போது அந்த வேலையை நானே செய்கிறேன்.

தெருவில் ஒரு பையன், புதிய அனல்மின் நிலையத்தின் ஓசையை ஆர்ச் கேட் பக்கத்துச் சாலையிலிருந்து பதிவு செய்யப் போவதாகச் சொல்லி என்னிடம் வந்தான். சோப்பு டப்பாவைக் கொடுத்தேன். கூடவே மூன்று விஷயம் சொல்லியனுப்பினேன். ரெக்கார்டரை அடாப்டரில் ஓட்டாதே, பேட்டரியில் ஓட்டு. அடாப்டரின் முனகல் உள்ளே புகுந்துவிட்டால் ஊரின் முனகல் எது, உன் அடாப்டர் எது என்று பிரிக்க முடியாது. தேதியையும் மணியையும் உன் வாயாலேயே பதிவின் தொடக்கத்தில் சொல். இசைக்கவையைத் தட்டிய பிறகு அது ஓயும்வரை பேசாதே.